ஏட்டில் இல்லாத சாவுகள்

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'மக்கள் நலத் தகவலியல்' என்ற பெயரைக் கேட்டதும், இது படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று எழுந்து போக நினைப்பவர்கள் சற்று உட்காருங்கள். யாருக்கு என்ன நோய் வந்தது, யார் எதனால் இறந்தார் என்று ஊர் ஊராகத் திரட்டி, கணிப்பொறியில் ஏற்றி, எந்தப் பேட்டைக்கு ஆஸ்பத்திரி வேண்டும், எந்தத் தொழில் ஆளைக் கொல்கிறது என்று கண்டறியும் துறை அது. அந்தக் கணக்கில் நாம் இருக்கிறோமா? இதுதான் இன்றைய கேள்வி.

நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிட வந்த பாட்டன்மார் காலந்தொட்டு நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. உடம்பு திடமாக இருக்கும்வரை இங்கே உழைப்போம். படுக்கையில் விழுந்தால் ரயிலேறி ஊருக்குப் போவோம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, சாவு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். விளைவு என்ன? நோயைத் தந்த நகரம் ஆரோக்கிய நகரமாகக் கணக்கில் நிற்கிறது. கடைசி மூச்சுக்கு இடம் கொடுத்த கிராமம் நோயாளிக் கிராமமாகிறது. ஆராய்ச்சியாளர்கள் இதற்கு சால்மன் மீனின் பெயரை வைத்திருக்கிறார்கள். கடலில் வாழ்ந்துவிட்டுப் பிறந்த ஆற்றுக்கே திரும்பிச் சாகும் மீன் அது. பெயர் வைத்தார்கள், நமக்கு அதனால் விடிவு வந்ததா?

நாட்டின் முதல் புற்றுநோய்ப் பதிவகம் 1963-இல் இதே மும்பையில் தொடங்கியது. பெருமைக்குரிய பணி. ஆனால் பதிவகங்களின் விதிப்படி, ஓராண்டாவது குடியிருந்தவரே நகரவாசி. வைத்தியத்துக்காக மட்டும் வந்தவர்களைச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்கான விதி. அதில் நியாயம் உண்டு. ஆனால் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று அலையும் கட்டடத் தொழிலாளி எந்த ஊர்வாசி?

2020-இல் நாட்டில் பதிவான சாவுகளில் நூற்றுக்கு 22.5 மட்டுமே மருத்துவரின் காரணச் சான்று பெற்றவை. 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளில் கொரோனாவால் நேர்ந்த கூடுதல் சாவு 47 லட்சம் என்றது உலக சுகாதார நிறுவனம். அரசின் கணக்கோ 5 லட்சத்துக்கும் கீழே. கணக்கிட்ட முறையே தவறு என்று அரசு மறுத்தது. நாம் கேட்பது வேறு. ஏடு சரியாக இருந்தால் இந்தச் சண்டைக்கே இடமுண்டா? ஊரடங்கில் வீடு திரும்பும் வழியில் மாண்ட தொழிலாளர் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, விவரம் இல்லை என்பதே பதில்.

2021-இல் நாடு முழுவதும் மின்னணு சுகாதாரத் திட்டம் வந்தது. ஆளுக்கு 14 இலக்க எண். வரவேற்கிறோம். ஆனால் பதியப்படாதவனைப் பற்றி எந்த இயந்திரமும் எதையும் கற்றுக்கொள்ளாது. ஆகவே எதை முதலில் ஆராய்வது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வல்லுநர்கள் கூடி, கேள்விகளைத் திரட்டி, 'விடை காண முடியுமா, பலன் தருமா, ஏழைக்குப் போய்ச் சேருமா' என்று மதிப்பெண் போடும் முறை உண்டு. பிரிட்டனில் 2004 முதல் ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி என்ற அமைப்பு நோயாளிகளையும் மருத்துவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து முதல் பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்கிறோம்.

நாற்காலி கிடைத்தால் என்ன கேட்போம்?

ஒன்று: ஊரில் பதிவாகும் சாவை, இறந்தவர் உழைத்த நகரத்தோடும் தொழிலோடும் இணைப்பது எப்படி? 'கூலி' என்று ஒற்றைச் சொல்லை எழுதினால், கல்லுடைத்தவனும் சாயப்பட்டறையில் நின்றவனும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

இரண்டு: காசநோய்க்கு வழக்கமான மருந்தே ஆறு மாதம். நடுவில் வேலை மாறி வேறு மாநிலம் போகிறவனின் பெயரை அரசின் நிக்ஷய் பதிவேட்டில் மாற்றிவிடலாம். மாத்திரை அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

மூன்று: கேள்வி எந்த மொழியில் கேட்கப்படுகிறது? மராத்தி தெரியாத நம் கிழவி, இந்தி மட்டும் தெரிந்த பீகார்த் தொழிலாளி ஆகியோரின் பதிலை எழுதுகிறவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்? இது நம் ஒருவருக்கான கேள்வி அல்ல. தமிழ்நாட்டுக்குப் பிழைக்க வந்த வடவருக்கும் இதுவேதான்.

நான்கு: ரகசியம். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகளே தாக்கப்பட்டு, பல நாள் காகிதத்தில் வேலை நடந்தது. நம் நோய் முதலாளி காதுக்கு எட்டினால் மறுநாள் வேலை போகும்.

நம் மக்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கணக்கெடுப்பு என்றாலே குடிசை போய்விடுமோ என்று கதவை மூடுகிறோம். பட்ட அடி அப்படி, குற்றம் சொல்வதற்கில்லை. ஆகவே நோய்க்குக் கொடுத்த தகவலை வீட்டை இடிக்கப் பயன்படுத்த மாட்டோம் என்று சட்டப்படி உறுதி கொடுங்கள்; கதவைத் திறக்கிறோம். எண்ணப்படுவது உரிமை. எதற்காக எண்ணுகிறீர்கள் என்று கேட்பதும் உரிமை.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டாம். சங்கத்தில் இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். ஊருக்குப் போய் இறந்த நம்மவர் ஒவ்வொருவரும் இங்கே என்ன வேலை, எங்கே, எத்தனை ஆண்டு செய்தார் என்று, வீட்டார் சம்மதத்தோடு எழுதி வைப்போம். நாளை நாற்காலி கிடைக்கும்போது வெறுங்கையோடு போகக் கூடாது.