இயந்திரப் பராமரிப்பும் நம் இளைஞரும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக் கழக விழாவில் கல்லூரிப் படிப்பைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நான் இயந்திரத்திற்கு எண்ணெய் இடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். துடைப்பதும் பெருக்குவதும் நம்மோடு போகட்டும் என்றுதானே பிள்ளைகளைப் படிக்க வைத்தோம் எனச் சிலர் எண்ணக்கூடும். அதில் நியாயம் உண்டு. ஆயினும் துடைப்பது வேறு, பராமரிப்பது வேறு. பேரிங்கின் மேலுள்ள அழுக்கைத் துணியால் எடுப்பவன் துடைப்பவன். அவ்வாறு எடுக்கும்போதே, நேற்றைவிட இன்று அது சூடாக இருக்கிறது, ஓசையும் மாறியிருக்கிறது என்று கண்டு, அதை எழுதி வைத்து, உரியவரிடம் சொல்பவன் பராமரிப்பவன். இருவர் கையிலும் இருப்பது ஒரே துணிதான். கூலியும் மதிப்பும் ஒன்றல்ல.

நம் நாரணாபுரத்தைச் சுற்றிலும் அச்சகங்களும் பட்டாசு ஆலைகளும் நிறைந்திருக்கின்றன. முதலில் அச்சகத்தைப் பாருங்கள். ஆப்செட் இயந்திரத்தில் தாள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஒரு மென்பொடியைத் தூவுகிறார்கள். அப்பொடியும் காகிதத் தூசும் மசகெண்ணெயோடு கலந்தால் அரைக்கும் சாந்தைப் போல் ஆகிவிடும். சங்கிலியையும் தாள் பிடிக்கும் கவ்விகளையும் அது நாள்தோறும் சிறிது சிறிதாகத் தின்னும். காற்றுப் பம்பின் வடிகட்டி அடைத்துக்கொண்டால் தாள் கோணலாகப் போகும்; நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. அச்சிடுபவரைத் திட்டிப் பயனில்லை. காலையில் கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தால் போதும். "ஆர்டர் அவசரம்" என்று அந்தக் கால் மணி நேரத்தைப் பறிப்பவர்கள், பிறகு இரண்டு நாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உதிரிப் பொருளுக்குக் காத்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதனினும் கொடியது, ஓடும் இயந்திரத்தின் ரோலரைத் துணி கொண்டு துடைப்பது. இரண்டு உருளைகள் உள்நோக்கிச் சுழலும் இடத்தில் துணியின் நுனி அகப்பட்டால் விரலை விடுவிக்க நேரமிராது. இயந்திரத்தை நிறுத்தி, பொத்தானை அழுத்தி அங்குலம் அங்குலமாக நகர்த்தித்தான் துடைக்க வேண்டும். காகிதம் வெட்டும் இயந்திரத்தில் இரண்டு பொத்தான்களை இரண்டு கைகளாலும் ஒருங்கே அழுத்தினால்தான் கத்தி இறங்கும்படி அமைத்திருப்பதும் கைகள் கத்திக்கு வெளியே இருக்கட்டும் என்பதற்காகவே. வேகம் வேண்டி ஒரு பொத்தானைக் கட்டிவைத்து ஒரு கையால் வேலை செய்யும் தந்திரத்தை யார் கற்றுக்கொடுத்தாலும் கற்காதீர்கள்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இதுபற்றித் தெளிவாகவே பேசியது. ஓடும் நிலையில் இயந்திரத்தைப் பார்வையிடவோ எண்ணெயிடவோ நேர்ந்தால், தனிப்பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளியே அதைச் செய்ய வேண்டும். அவர் உடலோடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும். அவ்வுடையை ஆலையை நடத்துபவரே தர வேண்டும். அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்றது. இன்று அச்சட்டத்தின் இடத்தை 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பெற்றிருக்கிறது. ஆனால் அந்தப் பழைய பிரிவை நம் இளைஞர்கள் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். நேற்று வேலைக்கு வந்த பையனை, "நீ போய்த் துடை" என்று ஏவும் வழக்கத்திற்கும் அதற்கும் உள்ள தூரம் அப்போது விளங்கும்.

பட்டாசு ஆலையில் பராமரிப்பு என்பதன் பொருளே மாறிவிடுகிறது. மழை குறைந்த வறண்ட காற்றே இவ்வட்டாரத்திற்கு இத்தொழிலைத் தந்தது என்பார்கள். அதே வறட்சிதான் உடலிலும் துணியிலும் பொடியிலும் நிலைமின்னேற்றத்தைச் சேர்க்கிறது. அறைக்குள் நுழையுமுன் வாசலிலுள்ள உலோகத் தகட்டைத் தொடச் சொல்வது சடங்கன்று. உடலில் சேர்ந்த மின்னேற்றம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கவேண்டும். ஆனால் தகட்டிலிருந்து செல்லும் கம்பி அறுந்திருந்தால்? நம் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, புதைத்த தண்டை விட்டு விலகிவிடும். குழிக்கு நீர் விட்டு, கருவி கொண்டு மின்தடையை அளந்து, குறித்து வைக்காவிட்டால் அந்தத் தகடு வெறும் அலங்காரமே.

மருந்துப் பொடி புழங்கும் இடத்தில் இரும்புக் கருவிக்கு இடமில்லை; பித்தளை, செம்பு, மரம் ஆகியவையே ஏற்றவை. பழுது பார்க்குமுன் வெடிபொருளனைத்தையும் அகற்றி, அறையை நன்கு கழுவித் துப்புரவாக்கிய பிறகே ஸ்பானர் உள்ளே போகலாம். ஆணியிடுக்கில் தங்கிய ஒரு சிட்டிகை மருந்து உராய்வுக்காகக் காத்திருக்கும்.

இவை சிற்றூர்ச் செய்திகள் என்று நினையாதீர்கள். 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அங்கே குளிரூட்டும் பொறி பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கோபுரம் இயங்கும் நிலையில் இல்லை. வாயுவை எரித்துவிடும் கோபுரத்திற்குச் செல்லும் குழாய் பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. காவலர் மூவரும் ஒரே இரவில் வேலையில் இல்லை. இறந்தவர்களில் மிகப் பலர் ஆலையை ஒட்டிய குடிசைகளில் வாழ்ந்த ஏழைகள்.

அண்ணல் அம்பேத்கர் இயந்திரத்தைப் பழித்தவரல்லர். 1945இல் வெளியிட்ட நூலில், தீங்கு இயந்திரத்தில் இல்லை, அதன் பயனைச் சிலருக்கே உரியதாக்கும் சமூக அமைப்பில்தான் இருக்கிறது என்று வாதிட்டார். வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அவர் காலத்தில்தான், 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக ஆலைகளில் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு பிட்டர் பயிற்சியில் சேர முயலுங்கள். எலக்ட்ரீஷியன் பயிற்சியும் அவ்வாறே. ஏற்கெனவே வேலைக்குப் போகிறவர்கள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நாள், இயந்திரம், கண்ட குறை, செய்த வேலை, செய்தவர் பெயர் என்று கோடிட்டு இன்றே எழுதத் தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து மேலாளர் கேட்டால் காட்டுங்கள், கேட்காவிட்டாலும் காட்டுங்கள். பயிற்சி நிலைய விண்ணப்பங்களை நிரப்பித் தருவதற்குக் கழக அலுவலகத்தில் ஞாயிறுதோறும் ஒருவரை அமர்த்துமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.