சின்னமுத்தும் தோட்டத்துப் பிள்ளைகளும்

(மலையகத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தையும் வீட்டுரிமையையும் பற்றிப் பேசும் மேடையில் தடுப்பூசிக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். சம்பளம் பெறும் கையும் வீட்டில் வளரும் பிள்ளையும் நலமாயிருந்தாலன்றோ அவ்வுரிமைகளுக்குப் பொருளுண்டு?

ஒரு நோய்க்கென இடப்படும் ஊசி வேறு நோயையும் தடுக்குமா? இக்கேள்வி தடுப்பூசியைப் போலவே பழமையானது. மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்களைப் பெரியம்மை தொடுவதில்லை என்ற கிராமத்துப் பேச்சை ஆராய்ந்து, 1796இல் ஜென்னர் என்ற ஆங்கில வைத்தியர் அம்மை குத்தும் முறையை உலகுக்கு அளித்தார். மாட்டின் நோய் மனிதனின் நோயைத் தடுத்தது. கடல் கடந்து இம்மலைகளுக்கு வந்த நம் முன்னோருக்கு மண்டபம் முகாமில் குத்தப்பட்டது அந்த அம்மைப்பாலே. 1980இல் பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

சின்னமுத்தைச் சிறு நோயென எண்ணுவோர் இன்னும் உளர். அம்மன் வந்திருக்கிறாள், வேப்பிலை கட்டினால் இறங்கிவிடுவாள் என்பர். அம்மனை வணங்குவதை நான் குறை கூறேன். ஆனால் நோய் இறங்கிய பின்னும் அது செய்த கேடு இறங்குவதில்லை. நம் உடல் தான் வென்ற ஒவ்வொரு நோயின் அடையாளத்தையும் நினைவில் வைத்திருக்கிறது. சின்னமுத்து வைரஸ் அந்நினைவைச் சுமக்கும் அணுக்களையே தாக்குகிறது. ஒல்லாந்து நாட்டில் ஊசி பெறாத 77 பிள்ளைகளின் இரத்தத்தை, சின்னமுத்து வருமுன்னும் வந்தபின்னும் சோதித்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. முன்னர் சேர்ந்திருந்த எதிர்ப்புப் பொருள்களில், பிள்ளைக்குப் பிள்ளை வேறுபட்டு, நூற்றுக்கு 11 முதல் 73 வரை அழிந்திருந்தன. ஊசி பெற்ற பிள்ளைகளிடம் இவ்விழப்பு இல்லை. இவ்வலுவிழப்பு இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்கலாமென 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. ஆகவே இந்த ஊசி சின்னமுத்தைத் தடுப்பதோடு, பிற நோய்களுக்கெதிராகப் பிள்ளை ஈட்டிய வலிமையையும் காக்கிறது.

வழக்கின் மறுபக்கச் சாட்சியத்தையும் உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளேன். 2020இல் கோவிட் பரவியபோது, கசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியும் சின்னமுத்து ஊசியும் அதனைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை எங்கும் பேசப்பட்டது. பல நாடுகளின் சுகாதார ஊழியரிடையே நடந்த பெரிய பி.சி.ஜி. சோதனையின் முடிவு 2023இல் வந்தது. அவ்வூசி கோவிட்டைக் குறைக்கவில்லை. ஓர் ஊசி எல்லா நோயையும் தீர்க்குமென எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். நிரூபணமானதை மட்டும் கொள்வோம். அதுவே பெரும் பயன்.

இலங்கையில் சின்னமுத்து ஊசி 1984இல் வந்தது. 2011 முதல் கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றோடு சேர்த்து ஒரே ஊசியாக இடப்படுகிறது. 2019இல் இந்நாட்டில் சின்னமுத்து ஒழிந்ததென உறுதி செய்யப்பட்டது. ஆயினும் 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது. ஊசி தப்பிய பிள்ளை எங்குளதோ அங்கே அந்நோய்க்கு வாசல் திறந்திருக்கிறது.

9 மாதத்தில் ஒன்று, 3 வயதில் ஒன்று என இரு ஊசிகளையும் அரசாங்கம் இலவசமாகவே வழங்குகிறது. ஆனால் நாட்கூலிக்குக் கொழுந்தெடுக்கும் தாய், லயத்திலிருந்து பிள்ளையைச் சுமந்து மலையிறங்கிக் கிளினிக்குக்குப் போய் வந்தால், அன்றைய பேர் என்னாகும்? அரைப்பேரும் கிட்டாதெனின், இலவச ஊசிக்கு அவள் செலுத்தும் விலை ஒருநாட் கூலியன்றோ?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. கிளினிக் நாளில் தாய்க்கு முழுப்பேர் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலேயே ஊசி போட ஏற்பாடு வேண்டும். தமிழில் விளக்கிச் சொல்லவல்ல குடும்ப நல உத்தியோகத்தர் ஒவ்வொரு டிவிஷனுக்கும் வேண்டும்.

நமக்கும் ஒரு கடமையுண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரிடம் பத்திரம் கேட்டது. காட்ட இயலாதோர் நாடற்றவராயினர். பத்திரத்தின் அருமையை நம்மைவிட அறிந்தவர் யார்? பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைப் பிறப்புச் சான்றிதழோடு பத்திரப்படுத்துங்கள். அதில் ஒரு கட்டம் வெறுமையாயிருந்தால், வரும் கிளினிக் நாளிலேயே அதை நிரப்புங்கள். பேர் வெட்டப்பட்டால் எங்களிடம் வாருங்கள். அந்த வழக்கை நாங்கள் நடத்துகிறோம்.