இதழ்கள் வாடும் நேரம்



பூ வாடுவதைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். மனித வாழ்வின் நிலையாமையைச் சொல்ல எசாயா நூலும் வாடும் பூவைத்தான் காட்டுகிறது. அது உண்மையே. ஆனாலும், பூ ஏன் வாடுகிறது என்று இன்று சற்று நிதானமாகப் பார்ப்போம்.

திருவிழா நாள்களில் பீடத்தில் வைக்கிறோமே, ஆர்க்கிட், அதையே எடுத்துக்கொள்வோம். வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் இருக்கும் ஃபலனாப்சிஸ் என்ற வகை. மகரந்தம் வந்து சேராவிட்டால், அந்தப் பூ செடியிலேயே இரண்டு மூன்று மாதம்கூட அப்படியே மலர்ந்து நிற்கும். அத்தனை நாளும் அது காத்திருக்கிறது. மகரந்தம் சூலகமுடியில் படிந்துவிட்டால் போதும், ஓரிரு நாளில் இதழ்கள் துவளத் தொடங்கும். யாரும் வெளியிலிருந்து கெடுப்பதில்லை. பூவே எத்திலீன் என்ற வாயுவை உண்டாக்குகிறது. வாழைக்காயைப் பழுக்க வைப்பதும் இதே வாயுதான். அது எட்டியதும் இதழ்கள் தம்மிடமுள்ள புரதத்தைக் கரைக்கின்றன. அந்தச் சத்தில் ஒரு பகுதி, காயாகப்போகும் சூலகத்துக்குப் போய்ச் சேருகிறது.

இதில் நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது ஒன்று உண்டு. மகரந்தம் வந்த நாளில், விதையாக வேண்டிய சூல்களே அந்தப் பூவில் முழுதாக உருவாகியிருக்காது. அதன் பிறகுதான் அவை வளர ஆரம்பிக்கின்றன. கருவுறவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். காய் முற்ற இன்னும் பல மாதங்கள். தூசிபோன்ற அந்த விதைகள் காற்றில் பறக்கும்போது இதழ்கள் என்றோ உலர்ந்து போயிருக்கும். மோசே நெபோ மலையில் நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ணாலாவது கண்டார். இதழுக்கு அதுவும் இல்லை.

முப்பது ஆண்டு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர்கள், வயலை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்த தாய்மார்கள் நம் பங்கில் எத்தனை பேர்! "நான் செய்ததெல்லாம் என்ன ஆயிற்று?" என்று அவர்கள் கேட்கும்போது நம்மிடம் காட்டுவதற்குக் காய் இருப்பதில்லை. அவர்கள் கேட்பது தவறும் அல்ல.

நீலகிரிப் பசுமைக்குடில்களில் கார்னேசன் வளர்க்கிறார்கள். பறித்த கார்னேசனை வெள்ளிச் சேர்மம் கலந்த நீரில் வைத்தால் எத்திலீன் வேலை செய்யாது. பூ கூடுதல் நாள் நிற்கும். விற்பனைக்கு அது நல்லது, விதைதான் வராது. அன்பியத்திலும் பக்த சபைகளிலும் பொறுப்பை விட மனமில்லாத நமக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அதற்காக, வீட்டில் முதியவர் ஒருவர் ஒடுங்கிப்போனால், "பூ வாடுவது இயற்கைதானே" என்று நாம் சொல்லிவிட முடியாது. பூ தண்ணீர் இல்லாமலும் வாடும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தாகத்தில் துவண்ட பூவின் காம்பை நறுக்கித் தண்ணீரில் வைத்தால், பெரும்பாலும் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். காய்க்காக வாடிய பூ அப்படி நிமிர்வதில்லை. நம் வீட்டுப் பெரியவர் எதனால் வாடியிருக்கிறார் என்பது வாசலில் நின்று நலம் விசாரித்தால் தெரியாது. மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும். மதியம் சாப்பிட்டாரா, கடைசியாக யார் வந்து பேசினார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.