பிந்தி முளைக்கும் விதை



லயத்து வேலியோரம் எவரும் விதைக்காமலே சில்லி பாடி எனும் ஊசிமிளகாய் முளைத்திருக்கக் கண்டிருப்பீர்கள். அதை விதைத்தவை பறவைகளே. காரத்தை அவை உணர்வதில்லை. பல் இல்லாமையால் விதையும் நொறுங்குவதில்லை. பறவை உண்டு கழித்த காட்டு மிளகாய் விதை முளைக்கிறது, எலி தின்றது முளைப்பதில்லை என்று 2001ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

பெருமிளகாய் விதை பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் ஒருங்கே முளைக்கும். காட்டு மிளகாய் விதையோ முன்னும் பின்னுமாக, பல வாரங்கள் கழித்தும் தலைகாட்டும். முதல் முளை வெயிலில் கருகினாலும் பின்முளை பிழைக்கும். அதுவே இயற்கையின் சேமிப்பு.

ஆகவே, முளைக்காத விதையைச் சொத்தையென்று கொட்டிவிடாதீர்கள். நாற்றுப் பாத்தியின் ஈரம் காயாமல் காத்து, ஒரு மாதமேனும் பொறுத்திருங்கள்.