டி.பி. பெட்டிக்குள் ஒரு கேஷியர்

(அக்டோபர் மாத உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "மின்காந்தம் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? நான் பி.காம்., பேங்கில் லெட்ஜர் எழுதினவன்" என்றேன். "அதனாலதான் சார் உங்களைக் கூப்பிடறோம், எஞ்சினியருங்க பேசினா எங்களுக்குப் புரியறதில்ல" என்றார். முன்வரிசையில் மூன்று எஞ்சினியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தப்பாகச் சொன்னால் திருத்துங்கள், ஆனால் டீ குடிக்கும்போது.

எங்கள் ஊர் அன்னூர் பக்கம். எங்கள் அப்பாரு காலத்தில் கிணற்றில் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். காளைகள் முன்னும் பின்னும் நடந்து நடந்து, பாதி நாளில் நுரை தள்ளிவிடும். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைகாரா மின்சாரம் வந்தது. முதலில் கோவை மில்களுக்கு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுக் கிணறுகளுக்கு. 1937-ல் நம் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின்மோட்டார் செய்துவிட்டார்கள். இன்று பீளமேடு, கணபதிப் பக்கம் தெருவுக்குத் தெரு மோட்டார் பம்பு செய்கிறார்கள் என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது.

அந்த மோட்டாருக்குள் என்னதான் நடக்கிறது? 1820-ல் டென்மார்க்கில் ஆர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் அசைவதைப் பார்த்தார். மின்சாரம் ஓடினால் காந்தம் பிறக்கிறது. பதினொரு வருஷம் கழித்து, 1831-ல் லண்டனில் ஃபாரடே இதைத் தலைகீழாகச் செய்தார். கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே பெரிய படிப்புப் படித்தவரில்லை, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றவர். பி.காம். காரனுக்கு இது ஒரு ஆறுதல்.

பைகாராவில் மலைத் தண்ணீர் விழுந்து காந்தத்தைச் சுற்றுகிறது, அது ஃபாரடே. அன்னூர்க் கிணற்றில் அதே மின்சாரம் மோட்டாரைச் சுற்றுகிறது, அது ஆர்ஸ்டெட். அங்கே இறங்குகிற தண்ணீர் இங்கே தண்ணீரை மேலே ஏற்றுகிறது. நம் போர்வெல் மோட்டாரும் லிஃப்டும் இதே கதைதான்.

லிஃப்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. கரண்ட் போனால் லிஃப்ட் கீழே விழுந்துவிடும் என்று நம்மில் சிலர் மாடிப்படியிலேயே ஏறுகிறார்கள். அதன் பிரேக்கை ஸ்பிரிங் எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும்; மின்காந்தம்தான் அதை விலக்கி லிஃப்டை நகர விடுகிறது. கரண்ட் போனால் காந்தம் போகும், பிரேக் தானே கவ்விக்கொள்ளும். நடப்பது உடம்புக்கு நல்லது, ஆனால் பயந்து நடக்க வேண்டாம்.

இயற்கையிலும் இதுதான் ஆள்கிறது. நம் வீட்டில் 230 வோல்ட். ஊட்டியில் டாடா ஆராய்ச்சிக் கழகத்தின் கிரேப்ஸ்-3 என்ற நிலையம் இருக்கிறது. வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் மியூவான் என்ற நுண்துகள்களை அங்கே எண்ணுகிறார்கள். மின்னூட்டம் உள்ள துகள் என்பதால் இடிமேகத்தைக் கடக்கும்போது அந்த எண்ணிக்கை மாறுகிறது. 2014 டிசம்பர் 1-ம் தேதி அடித்த ஒரு புயலில், எண்ணிக்கை குறைந்ததை வைத்து மேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். மேகத்தைத் தொடாமலே அதன் பாஸ்புக்கைப் படித்துவிட்டார்கள்!

அதே சங்கதி நம் நெஞ்சுக்குள்ளும் இருக்கிறது. இதயம் ஒவ்வொரு முறை துடிப்பதும் உடம்பே உண்டாக்கும் சின்ன மின்சாரத்தால்தான். இ.சி.ஜி. எடுப்பது அதைத்தான். அதனால்தான் வெளியிலிருந்து வரும் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போனால் ஆபத்து, இதயத்தின் தாளம் குழம்பிவிடும். அதற்கு 0.1 ஆம்பியர்கூடத் தேவையில்லை. நம் வீட்டு எம்.சி.பி.யோ 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். அது பேங்க் மேனேஜர் மாதிரி, பெரிய தொகையைத்தான் பார்க்கும். ஓர் ஆள் உயிர் போகிற சில்லறை அதன் கண்ணில் படாது.

அதைப் பார்க்க ஒரு கேஷியர் வேண்டும். அவர்தான் ஆர்.சி.சி.பி. பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்கிறோம். அதற்குள் ஒரு வளையம். வீட்டுக்குள் போகும் ஃபேஸ் கம்பியும் திரும்பி வரும் நியூட்ரல் கம்பியும் அதன் வழியாகப் போகின்றன. போனதும் வந்ததும் சமம் என்றால் இரண்டின் காந்தமும் ஒன்றையொன்று அடித்துவிடும். யாரோ ஒருவர் உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். மிச்சக் காந்தம் வளையத்தில் சுற்றிய இன்னொரு சுருளில் மின்சாரத்தை எழுப்பும், அது ஸ்விட்சைத் தட்டிவிடும். ஆர்ஸ்டெட்டும் ஃபாரடேயும் ஒரே பெட்டியில்! வித்தியாசம் 0.03 ஆம்பியர் ஆகும்போதே கண் இமைக்கிற நேரத்தில் சப்ளையை வெட்டிவிடும். பேங்கில் சாயங்காலம் பத்து ரூபாய் டேலி ஆகாவிட்டாலும் எங்களை வீட்டுக்கு விட மாட்டார்கள், அதுபோல.

ஒரு குறை உண்டு. ஒரு கையில் ஃபேஸ், ஒரு கையில் நியூட்ரல் இரண்டையும் பிடித்தால் கணக்கு டேலி ஆகிவிடும், ஆர்.சி.சி.பி. சும்மா இருக்கும். காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் உள்ளே தப்பு இருக்கலாம்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் என் வீட்டு ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தது. சீரியல் பார்க்க முடியவில்லை, மிக்ஸி போட முடியவில்லை. வந்த எலக்ட்ரீஷியன் தம்பியிடம் "அதை எடுத்துட்டு டைரக்ட் பண்ணிடுங்க" என்றேன். அவர் தயங்கினார். நான்தான் வற்புறுத்தினேன். அப்புறம் தொந்தரவே இல்லை. ஒரு மாசம் கழித்து, "வாஷிங் மெஷினைத் தொட்டாச் சுருக்குங்குது" என்றாள் என் மனைவி. செருப்புப் போட்டுக்கொள் என்றேன்.

தீபாவளிக்கு வந்த பேத்தி, நாலு வயசு, குளித்துவிட்டு ஈரக் காலோடு ஓடிவந்து மெஷினைப் பிடித்தாள். வீல் என்று ஒரு சத்தம். கை தானாக விலகியது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பின்னால் பார்த்தால் எலி கடித்த ஒயர், பிளக் பாயிண்டில் எர்த் கம்பியும் லூஸ். மழை நாட்களில் அந்தப் பெட்டி என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். நான் கேஷியரை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.

உங்கள் டி.பி. பெட்டியைத் திறந்து பாருங்கள். டி என்ற எழுத்துப் போட்ட சின்னப் பொத்தான் உள்ள அகலமான ஸ்விட்ச் இருக்கும். சப்ளை இருக்கும்போது அதை அழுத்தினால் சட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை. அப்படி ஒரு ஸ்விட்சே இல்லையென்றால் என்னைப்போல யாரோ டைரக்ட் செய்திருக்கிறார்கள், அல்லது கட்டும்போதே வைக்கவில்லை. மாசம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், கம்ப்யூட்டரை மட்டும் முதலில் ஆஃப் பண்ணிவிடுங்கள்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார். முதலில் மோட்டார் ரூம், வாட்ச்மேன் அறை, எர்த் குழிகள். பிறகு வீடு வீடாக. செக்யூரிட்டி டேபிளில் நோட்டு வைத்திருக்கிறோம், பெயர் எழுதுங்கள். முதல் பெயர் என்னுடையது.