கர்ப்பிணிக்குச் சளி பிடித்தால்

(முசரவாக்கத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் பேசியது)



நம் ஆசிரியர் அறையில் ஒருவர் தும்மினால் மூன்று கைப்பைகள் திறக்கும். ஆளுக்கொரு மாத்திரை அட்டை நீளும். அன்பினால் செய்வதுதான். ஆனால் தும்முகிறவர் கர்ப்பிணி என்றால், அந்த அன்பை மாத்திரையாகக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிப்’ இருமல் மருந்தை 2025இல் நாடே பேசியது. மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடுதான். இறந்தவர்கள் குழந்தைகள், கர்ப்பிணிகள் அல்லர். ஆனால் அது பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் சளிக்குக் கொடுத்த மருந்து என்பதை நாம் மறக்கக் கூடாது.

கர்ப்பிணிகளுக்கும் ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, மசக்கை வாந்திக்கும் தூக்கத்துக்கும் பாதுகாப்பானது என்று விற்கப்பட்டது. 1961இல் அங்கே திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பல நாடுகளில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்துவிட்டார்கள். தாய் விழுங்குவது குழந்தைக்கும் போகலாம் என்பதை உலகம் அப்போதுதான் உறைக்கக் கற்றது.

சளிக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குத்தான், இதை நாமே வகுப்பில் நடத்துகிறோம். சாதாரணச் சளி 7 முதல் 10 நாளில் அடங்கும். இருமல் மட்டும் இன்னும் சில நாள் இழுக்கலாம். அதுவரை வேண்டியது ஆறுதல்தான்: வெதுவெதுப்பான நீர், ரசம், கஞ்சி, உப்பு நீரில் கொப்பளிப்பது, மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு மருந்து, தலையைச் சற்று உயர்த்திப் படுப்பது, இருமலுக்கு ஒரு தேக்கரண்டி தேன். சர்க்கரை உள்ளவர்கள் தேனுக்கு மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆவி பிடிப்பவர்கள் கொதிக்கும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, தள்ளி உட்கார வேண்டும். வெந்நீர் கொட்டிச் சுட்டுக்கொள்வது சளியைவிடப் பெரிய துன்பம்.

இஞ்சி, துளசி, மிளகு சமையலில் போடும் அளவில் இருக்கட்டும். இருமலுக்கு நாம் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் மட்டும் வேண்டாம். அது இரத்த அழுத்தத்தைக் கூட்டும். பின்லாந்தில் கர்ப்பிணிகள் அதை அதிகம் உண்ண வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறார்கள்.

கடையில் ‘சளிக்கு ஒன்று கொடுங்கள்’ என்று வாங்கும் மாத்திரையில் பெரும்பாலும் இரண்டு மூன்று மருந்துகள் கலந்திருக்கும். மூக்கடைப்பை நீக்கும் சில மருந்துகள் இரத்தக் குழாயைச் சுருக்கும். ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளை, குறிப்பாக 20 வாரத்துக்கு மேல், தவிர்க்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் பொதுவாக ஏற்றது. ஆனால் சளி மாத்திரையிலும் அதுவே இருக்கலாம். தெரியாமல் இரண்டு பங்கு உள்ளே போய்விடும். எனவே எதுவானாலும் மருத்துவரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கேட்ட பிறகுதான்.

மருந்தே வேண்டாம் என்று வீட்டில் முடங்கிக் கிடப்பதும் தவறு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலும், மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், சளியில் இரத்தம் வந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு வாரம் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ச் சோதனை அவசியம். ஃபுளூ காய்ச்சல் கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கக்கூடியது. அதற்கான தடுப்பூசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், மருத்துவரிடம் கேளுங்கள். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108.

நாம் செய்யக்கூடியவை எளியவை. கர்ப்பிணி ஆசிரியை இருமினால் அவருடைய ஒரு பாடவேளையை நாம் எடுத்துக்கொள்ளலாம். கரும்பலகையை ஈரத் துணியால் துடைக்கலாம். சளியோடு வரும் பிள்ளையை ஜன்னலோரம் உட்காரவைத்து, கை கழுவச் சொல்லலாம். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தறிக்கார வீட்டுத் தாய்மார்களிடமும் இதே செய்தியைச் சொல்லலாம். ஆசிரியர் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

கைப்பையில் இருக்கும் மாத்திரை அட்டை அங்கேயே இருக்கட்டும். ஒரு டம்ளர் வெந்நீரும் ஓய்வும் கொடுப்போம்.