முழுப்பெயர்

முடிச்சூரில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் கல்லூரியில் முதலாண்டு. மாதத்தில் ஒருநாள் தாம்பரம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்திலும் எட்டிப் பார்த்துச் சொல்வாள்: "அத்தை, புதுமைப் பெண் பணம் ஏறிடுச்சு." ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்ததற்காக வரும் ஆயிரம் ரூபாய். திட்டத்தின் முழுப்பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார், தெரியுமா என்று கேட்டேன். "யாரு அத்தை அவங்க?" என்றாள். அன்று சாயங்காலம் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

பிறந்தது 1883. ஐந்து வயதில் ஒரு தாசி வீட்டில் விடப்பட்டார். கைமாறியது பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும் என்பார்கள். பெரியவளானதும் ஒரு கிழவருக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். இவரோ பாட்டு வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு கதர், காங்கிரஸ்; அங்கிருந்து பெரியாரோடு சுயமரியாதை இயக்கம். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியதோடு, 1936இல் 'தாசிகள் மோசவலை' என்று ஒரு நாவலும் எழுதினார். தாசி வீட்டுத் தாய்க்கிழவிகளின் கணக்குவழக்கை உள்ளேயிருந்து பார்த்தவர் எழுதியது. வெளியாள் எழுதியிருந்தால் அழுகைக் கதையாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானபோது அதை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குத் தமிழர் படை நடந்தது. அதில் இவர் ஒருவர்தான் பெண், வயது 55. இன்றைக்குத் திருச்சியில் பஸ் ஏறினால் ஆறு மணி நேரத்தில் பெருங்களத்தூரில் இறங்கிவிடலாம். நேராக நடந்தாலும் இருநூறு மைல் சொச்சம்தான். அவர்கள் ஊர்களைச் சுற்றிக் கூட்டம் போட்டுக்கொண்டே வந்ததில் 577 மைல், 42 நாள்!

அந்த நவம்பரில் சென்னையில் பெண்கள் மாநாடு. ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்று அழைக்கத் தீர்மானித்தது அங்கேதான். மறுநாளே டாக்டர் தருமாம்பாள், இராமாமிர்தம், சீதம்மாள் முதலியோர் இந்தியை எதிர்த்துப் பள்ளி வாசலில் மறியல் செய்து கைதானார்கள். ஆறு வாரச் சிறை. சீதம்மாளுடன் இரண்டு பச்சைப் பிள்ளைகள்.

இராமாமிர்தம் 1962இல் மறைந்தார். 1989இல் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் வந்தது. 2022இல் அந்தப் பணம் படிப்புக்கென்று மாறியது. கல்யாணத்தைவிடப் படிப்புக்குத்தான் அந்தப் பெயர் பொருந்துகிறது.

எதிர்வீட்டுப் பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே புது ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். சிறைக்கு வந்ததும் கை நின்றது.

"பிள்ளைங்களையுமா அத்தை உள்ள வெச்சாங்க?"

"ஆமாம்" என்றேன்.